பாட்டில் பனியன்

கடம்போடையில் யாரைக் கேட்டாலும், அந்த ஆறு பனியன்களும் ஊருக்கு வந்து இறங்கியது ஆடி மாதம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை என்பதில் மட்டும்தான் ஒத்துப்போவார்கள். அதற்கப்புறம் நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், சொல்லி முடித்ததும் "அப்படித்தான்னு நெனைக்கிறேன்" என்று இழுத்து நிறுத்துவார்கள். சந்தனக்கிளியும் அப்படித்தான் இழுப்பாள், இத்தனைக்கும் அது நடந்தது பெரும்பாலும் அவளுக்குத்தான்.

அதற்கு முந்தின கதையில் குழப்பம் ஒன்றும் இல்லை. கடற்கரைச் சாலையை ஒட்டி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. ஊர் ஆம்பளைகளின் கிளப் அதில் வருஷத்துக்கு மூன்று முறை வாலிபால் போட்டி வைக்கும். சுத்துப்பட்டிலிருந்து ஆட்டம் பார்க்க வந்தவர்களும், சாலையோரம் நிறுத்திய பஸ்களிலிருந்து கைகால் நீட்ட இறங்கியவர்களும் குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டில்கள் காற்றில் உருண்டு உருண்டு போய் கருவேல முள்ளில் அடைந்து, வெயில் ஏறினால் அந்தப் பொட்டலே ஒரு கண்மாய் மாதிரி மின்னும். தூரத்திலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரர்கள் தண்ணீர் கிடக்கிறதென்றே நினைப்பார்கள். கடம்போடையிலோ, லாரி வரும் நாளில் குடத்தோடு வரிசையில் நின்றால்தான் குடிக்கத் தண்ணீர்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை ஜெபமணி டீச்சர், கல்யாணமாகி ஆட்டத்தை விட்டுவிட்ட பெண்கள் ஆறு பேரைத் தேடிப் பிடித்து ஒரு கிளப் ஆரம்பித்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் பொட்டலைத் தரும்படி ஆம்பளைகள் கிளப்பில் போய்க் கேட்டார். "குப்பைய எல்லாம் எடுத்துட்டு ஆடிக்கிருங்க டீச்சர்" என்று அவர்கள் பாதி விளையாட்டாகச் சொன்னார்கள். டீச்சர் அதை முழுசாகவே எடுத்துக்கொண்டார். உப்பளத்து வேலை முடிந்து வந்த கையோடு ஆறு பெண்களும் சாக்கை எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் இறங்கினார்கள். மூடியைத் தனியாகத் திருகி, மேலே ஒட்டிய தாளைத் தனியாகக் கிழித்து, அடியில் கிடந்த மண்ணைத் தட்டி, காலால் மிதித்துச் சப்பையாக்கிச் சாக்கில் திணித்தார்கள். நாலு மாதத்தில் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகை முழுக்கச் சாக்கு அடைந்தது. பாட்டிலை அரைத்து நூலாக இழுக்கிற ஆலை ஒன்று தூரத்து ஊரில் இருந்தது. அங்கிருந்து லாரி வந்து சாக்குகளை ஏற்றிப் போனது, ஒரு மாதம் கழித்து அதே நூலில் நெய்ததென்று சொல்லி ஆறு பனியன்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தது. இளநீலம், முதுகில் வெள்ளை எண்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அறையில் உடை மாற்றிக்கொண்டு ஆறு பேரும் பொட்டலுக்குள் இறங்கியபோது, சுற்றி நின்றவர்கள் முதலில் முறையிட்டது முதுகு எண் சரியாகத் தெரியவில்லை என்றுதான். எண்ணுக்குப் பின்னால் நெட் தெரிந்தது, நெட்டுக்குப் பின்னால் மேய்கிற ஆடு தெரிந்தது. பனியன் மூடிய இடத்தில் மட்டும், கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே, பாட்டில் மாதிரி ஆளின் ஊடே அந்தப் பக்கம் தெரிந்தது. எலும்பு இல்லை, குடல் இல்லை. அவரவர்க்கு ஒரு அளவில் தண்ணீர் மட்டும் நின்றது. பந்து தூக்கிக் கொடுக்கிற மாரிக்கனிக்குக் கழுத்துக்குழி வரை நின்றது. மற்றவர்களில் ஒருத்திக்கு மார்பளவு, ஒருத்திக்கு விலா அளவு, இரண்டு பேருக்குத் தொப்புளுக்கு நாலு விரல் மேலே. ஓடினால் அலம்பியது, நின்றால் அடங்கியது.

ஏழாம் நம்பர் போட்ட சந்தனக்கிளிக்கு ஒன்றுமே இல்லை. எல்லாரும் கூடி நின்று அவளுக்குள்ளே பார்த்தாலும் அந்தப் பக்கத்து ஆடுதான் தெரிந்தது.

"டீச்சர், எனக்கு ஏதும் வலிக்கல" என்றாள் அவள், யாரும் கேட்காதபோதே.

ஜெபமணி டீச்சர் ஆறு பேரையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "புதுத் துணி. ஒரு தண்ணியில போட்டா சரியாப் போயிரும். சர்வீஸ் போடு" என்று விசிலை ஊதினார். ஆட்டம் நடந்தது.

ஒரு தண்ணீரில் சரியாகவில்லை. மறுநாளும் அப்படியேதான் தெரிந்தது, அதற்கு மறுநாள் ஆட்டம் பார்க்க ஊரே வந்தது. கடம்போடைக்காரர்கள் எதற்கும் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. தெரிகிறது என்றால் தெரிகிறது, தெரிகிற தண்ணீர் என்ன தண்ணீர் என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. டீக்கடைக்காரர் அதை ஆரோக்கியம் என்றார். அய்யனார் கோயில் பூசாரி அது போன பிறவியில் செய்த தானம் என்றார். கிராம சுகாதார நர்ஸ் ஆறு பேருக்கும் பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, உயரத்தையும் எடையையும் நோட்டில் எழுதி, அதில் எதற்கும் தண்ணீர் அளவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி, ஆனாலும் தினமும் வந்து அளந்தார். மாரிக்கனியின் தண்ணீர் பள்ளி ஆண்டு விழா முடிந்த மறுநாள் ரெண்டு விரல் இறங்கியிருந்தது. அவள் அன்றைக்கு நிறையச் சிரித்ததால் குறைந்தது என்றார்கள். அடுத்த வாரம் புருஷனோடு சண்டை போட்டு அழுதுவிட்டு வந்தாள், அரை விரல் ஏறியிருந்தது. அழுதால் ஏறும் என்று முடிவு கட்டினார்கள். அதற்கடுத்த வாரம் சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை, பழைய இடத்துக்கே வந்து நின்றது, முடிவு கட்டுவதை விட்டுவிட்டார்கள்.

பிறகு ஊரார் பனியனை இரவல் கேட்க ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பொண்ணு ஒரு தடவை அந்தப் பனியனைப் போட்டுக் காட்டட்டும் என்றார்கள். பெண் வீட்டார், அப்படியென்றால் மாப்பிள்ளையும் போட வேண்டும் என்றார்கள். கடைசியில் இருவரும் போட்டு, இருவருக்கும் சரிபாதியாக நின்று, அது பொருத்தமா பொருத்தமில்லையா என்று தெரியாமல் ரெண்டு வீடும் ஜாதகத்துக்கே திரும்பிப் போனது. ஊராட்சித் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தார், வெளியே வந்து மடித்துக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து கூட்டத்தில் குரலை உயர்த்துவதில்லை. எவ்வளவு நின்றது என்று அவர் சொல்லவும் இல்லை. ஆம்பளைகள் கிளப்பில் ஒருத்தரும் போட்டுப் பார்க்க முன்வரவில்லை. இன்னொரு மாற்றமும் யார் சொல்லாமலும் வந்தது: பாட்டிலை மிதித்துச் சப்பையாக்குவதை ஊர் விட்டுவிட்டது. குடித்து முடித்தவர்கள் அதை இரண்டு கையாலும் எடுத்துவந்து சைக்கிள் கொட்டகை ஓரமாக நிறுத்தி வைத்தார்கள், சிலர் சாய்ந்துவிடாமல் சுவரோடு அண்டக் கொடுத்தார்கள். ஆலைக்காரர்கள் லாரியில் வந்து, இப்படி நிற்கவைத்தால் நூறு பாட்டிலுக்கு ஒரு லாரி வேண்டும் என்று தலையிலடித்துக்கொண்டு போனார்கள்.

இத்தனை பேர் போட்டும், ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தது சந்தனக்கிளி ஒருத்திதான்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் முனியராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிற ஒரு மகள் உண்டு. பிள்ளை இல்லாதவள் என்றால் ஊருக்கு ஒரே பதிலில் வேலை முடிந்திருக்கும். இருந்ததால் வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. தேடிக்கொண்டு போனவர்கள் நேராக மாமியார் இருளாயியிடம் போய் நின்றார்கள்.

இருளாயி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். ஐம்பத்து மூன்று வயது. புருஷன் செத்துப் பதினெட்டு வருஷம். நிமிர்ந்து மெதுவாக நடப்பாள், குனிந்து பேச மாட்டாள். மகள் பால் மறந்த கையோடு சந்தனக்கிளி மறுபடி ஆடப் போவேன் என்று நின்ற அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினாள். அது ஆயிற்று இரண்டு வருஷத்துக்கு மேல். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பானையில் தண்ணீர் மொண்டு, ஒரே பிள்ளையை மாறி மாறிக் குளிப்பாட்டி, இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பிள்ளையின் காதில் பேசினார்கள். "ஒங்கம்மாகிட்ட சொல்லு, மாவு புளிச்சிருச்சு." "ஒங்கப்பத்தாகிட்ட சொல்லு, எனக்குத் தெரியும்." பிள்ளை எதையும் யாரிடமும் போய்ச் சொல்லாது, தேவையும் இல்லை.

இப்போது சோற்று வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து இருளாயியிடம், "ஏக்கா, மருமகளுக்குத் தண்ணி கிண்ணி குடுக்கிறியா இல்லியா?" என்று கேட்டார்கள். "ஊரெல்லாம் பாக்குது, உள்ள ஒரு சொட்டு இல்ல" என்றார்கள். கேட்டதோடு விடாமல், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சந்தனக்கிளியின் கையில் கொடுத்து, குடிக்கும்வரை நின்று பார்த்தார்கள். லாரித் தண்ணீர் அது, தங்கள் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குடித்துக் குடித்து வயிறு கல்லாக உப்பி, சாயங்காலம் பனியனைப் போட்டால் பழையபடி அந்தப் பக்கத்து ஆடு.

"இந்தப் பிள்ளைக்குத் தண்ணி கொடுக்குறத நிறுத்துங்க" என்று ஜெபமணி டீச்சர் ஒரு நாள் பொட்டலில் நின்று சத்தம் போட்டார். "எம்பி அடிக்கிறா பாத்தீகளா? நெட்டுக்கு மேல முழங்கை வருது. ஒடம்பு காலியா இருக்கப் போயித்தான் அம்புட்டு ஒசரம் போறா. இத ரொப்பி வச்சு நான் என்ன பண்ண?"

அதுவும் உண்மையாகத்தான் பட்டது. மாரிக்கனி குதித்தால் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து அவளையும் சாய்த்தது. சந்தனக்கிளி குதித்தால் கீழே வர மறந்துபோனவள் மாதிரி ஒரு நொடி மேலேயே நின்று, பந்து வரும்வரை காத்திருந்து அடித்தாள். முன்னாலும் அவள் நன்றாக எம்புகிறவள்தானா, அல்லது பனியன் வந்த பிறகுதானா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊர் ரெண்டு கட்சியாயிற்று: ஒரு கட்சி அவளை நிரப்பப் பார்த்தது, ஒரு கட்சி அவளை அப்படியே வைத்திருக்கப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் தினமும் வேலைக்குப் போய், உப்பு வாரி, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன் சாதாரண ரவிக்கைக்குள்ளே இருக்கிற சாதாரண உடம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்குள் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் ஏதோ இருக்கிறது என்றும் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

முனியராஜ் போனில் கேட்டான். "என்ன கிளி, அம்மா ஒனக்குச் சோறு போடலைன்னு இங்க தறிக்காரன் வரைக்கும் சொல்றான்?"

"போடுறாகளே."

"பாலியஸ்டர் நூலு காத்து விடாது. அதுனால அப்படித் தெரியும்" என்றான், தொழில் தெரிந்தவனாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாவே ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியலங்க. பின்னால நிக்கிறவுகளுக்குத்தான் தெரியுது."

அவள் போனை வைத்தபோது அடுப்படி வாசலில் இருளாயி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டிருந்தது, காதில் சொல்ல ஆள் இல்லை. சுவரைப் பார்த்தபடி, "தண்ணி குடிச்சியா?" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. சந்தனக்கிளிக்கு வயிறு முட்ட ஊர்த் தண்ணீர் கிடந்தது. ஆனாலும் "இல்ல அத்த" என்றாள். இருளாயி மொண்டு கொடுத்ததை வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டம் பாதியில் இருக்கும்போது இருளாயி பொட்டலுக்கு வந்தாள். ஆட்டம் நடக்கிற பக்கமே கால் வைக்காதவள், கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, நெட்டுக்கு அடியில் நின்று, மருமகளிடம் கையை நீட்டினாள். "அதைக் கழத்திக் குடு."

"எதுக்கு அத்த?"

"நான் என்ன ஊத்தி வளத்தேன், என்ன ஊத்தாம விட்டேன்னு ஊரு பாக்கட்டும். குடு."

சந்தனக்கிளி டீச்சரின் துப்பட்டாவை வாங்கிப் போர்த்திக்கொண்டு பனியனைக் கழற்றிக் கொடுத்தாள். இருளாயி அதைச் சேலைக்கு மேலேயே தலைவழியாக மாட்டிக்கொண்டாள். மாட்டியதும், இடுப்புக்கு மேலே அவள் சேலையும் தெரியாமல் உடம்பும் தெரியாமல் தண்ணீர் ஏறி நின்றது. மார்பைத் தாண்டி, கழுத்துக்குழியைத் தாண்டி, பனியன் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பு வரை, ஒரு நூல் அளவுகூட இடம் விடாமல் நின்றது. அதற்கு மேலே பனியன் இல்லாததால், தண்ணீர் அங்கேயே முடிந்ததா இன்னும் மேலே கண் வரைக்கும் போகிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் மூச்சு விட்டால் அது நடுங்கியது. சாயங்கால வெயில் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் மண்ணில் ஒரு வெளிச்சத் துண்டாக விழுந்தது. 

இருளாயி குனிந்து பார்க்கப் போனாள், தண்ணீர் விளிம்பில் தளும்பியது, சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். தரையில் கிடந்த அந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்தாள்.

"எம்புட்டு இருக்கு?" என்று மருமகளைக் கேட்டாள்.

"தளும்புது அத்த."

"இத யாரு ஊத்துனா?" என்றாள் இருளாயி. கோபமாக இல்லை. தெரியாத வீட்டில் கண் விழித்தவள் கேட்கிற மாதிரி கேட்டாள்.  பனியனைக் கழற்றி மடித்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே போனாள்.

ஊருக்கு அன்றைக்கு ராச்சாப்பாட்டுக்குள் பதில் கிடைத்துவிட்டது. மருமகளின் பங்கையும் மாமியாளே குடித்துவிட்டாள் என்றார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு உள்ளது ஒருத்தியிடமே இருக்கிறது, இதில் என்ன கணக்குப் போட இருக்கிறது என்றார்கள். முன்னால் கேள்வியாகக் கேட்டவர்கள் இப்போது கேட்காமலே ஒதுங்கினார்கள். சோற்று வரிசையில் பிள்ளைகள் இருளாயியின் கையில் தட்டைக் கொடுக்கத் தயங்கினார்கள். ஒரு பிள்ளை, குழம்பு வேண்டாம், வெறும் சோறு போதும் என்றது.

இருளாயி மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை, பிள்ளையின் காதிலும் பேசவில்லை. நான்காவது நாள் சந்தனக்கிளி உப்பளத்துக்குப் போகவில்லை. மத்தியான மணி அடித்ததும் சத்துணவுக் கூடத்துக்குப் போய், சோறு வாங்க வந்த பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். பின்னால் சுவரோரம் நாலைந்து அம்மாக்கள் நின்றிருந்தார்கள்.

"என்னத்தா, நீயும் தட்டெடுத்துட்டு வந்துட்ட?" என்றாள் ஒருத்தி.

"எங்க அத்த பொங்குனத ஆறு வருசமாத் தின்னுதான் நெட்டுக்கு மேல எம்புறேன்" என்றாள் சந்தனக்கிளி. "எனக்குள்ள ஒண்ணுமில்லன்னா அது எங்கிட்ட இருக்கிற சமாச்சாரம். அவுகளுக்குள்ள ரொம்ப இருக்குன்னா அது அவுக சமாச்சாரம். என்னோடத அவுக எடுத்தாகன்னா எனக்குத் தெரியாதா?" சொல்லும்போதே, தெரியுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் தட்டை நீட்டினாள். இருளாயி நிமிர்ந்தபடியே சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள். சந்தனக்கிளி அங்கேயே தரையில் உட்கார்ந்து தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ஊர் அதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் டீச்சரிடம், இனிமேல் பனியனைப் போட மாட்டேன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வட்டாரப் போட்டி, கிளி. ஆறு பேருக்கும் ஒரே உடுப்பு இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்க. அந்த ஒரு நாள் போடு. அப்புறம் ஒன் இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பும்போது இருளாயி ஒரு காலிச் சாக்கோடு வந்து ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.  போட்டி நடக்கிற இடத்தில் பாட்டில் கிடக்கும், கிளப்புக்கு ஆகும் என்று அவளாகவே ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

போட்டித் திடலில் நடுவர்களுக்கும் குழப்பம்தான். ஆட்களுக்குப் பின்னால் பந்து தெரிகிறது, இது எதிரணிக்குச் சாதகமா பாதகமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பனியனின் நிறத்தைப் பற்றி இருந்தது, எண்ணின் உயரத்தைப் பற்றி இருந்தது, உள்ளே தெரிகிற தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. எதிரணிப் பெண்கள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அந்த ஏழாம் நம்பர் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்கள். ஆட்டம் தொடங்கியது. முதல் செட் கடம்போடைக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் பதிமூன்றுக்குப் பதிமூன்று வந்து நின்றபோது, மாரிக்கனி உயரத் தூக்கிக் கொடுத்த பந்து வெயிலுக்குள் போய்ச் சின்னதாகி, சந்தனக்கிளிக்காகவே இறங்கி வந்தது.

அவள் ஓடி வந்தாள், முழங்காலை மடித்தாள். அந்த நேரம் நெட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டுக்கு வெளியே, இருளாயி பாட்டில் பொறுக்கிக்கொண்டு போவது கண்ணில் பட்டது. பனியன் கினியன் ஏதுமில்லை, பழைய கண்டாங்கிச் சேலைதான். அவள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் இடுப்பை வளைக்காமல், முழங்காலை மட்டும் மடக்கி, முதுகை நேராக வைத்து, தலையில் தளும்பத் தளும்பக் குடம் வைத்தவள் மாதிரி இறங்கி, கையை நீட்டி எடுத்து, அதேபோல ஏறினாள். சந்தனக்கிளிக்கு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இப்படித்தான் இறங்கி ஏறுகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வீடு கூட்டும்போதும் அப்படித்தான், பிள்ளையைத் தூக்கும்போதும் அப்படித்தான். திமிர் என்று நினைத்திருந்தாள், ஊரும் அப்படித்தான் சொன்னது. பந்து அவளுக்கு முன்னால் மண்ணில் விழுந்து ஒரு முறை எழும்பி உருண்டு போனது. அவள் எம்பவே இல்லை. அடுத்த பாயின்டையும் எதிரணி எடுத்துக்கொண்டது.

ஆட்டம் தோற்று வேன் திரும்பியது. ஜெபமணி டீச்சர் விசிலை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனார். சந்தனக்கிளி போய் மாமியாளின் பக்கத்தில், சாக்கைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏன் குதிக்கல?" என்று கேட்டாள் இருளாயி.

"ஒங்களப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

"என்னைய என்னத்தப் பாக்க."

"கனமா இருக்குமா அத்த?"

 வேன் இரண்டு ஊரைத் தாண்டியது, உப்பளங்கள் வந்தன. "பழகிருச்சு" என்றாள் இருளாயி. பிறகு, "இதுதான் எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் மருமகளின் கையைப் பார்த்து, "ஒனக்கு எப்படியிருக்கும்? ஒண்ணுமில்லாம?" என்று கேட்டாள்.

"நானும் இதுதான் எல்லாருக்கும்னு நெனச்சேன்."

 மேடு பள்ளத்தில் வேன் குலுங்கியபோதெல்லாம் சந்தனக்கிளி, ஏனென்று தெரியாமலே, மாமியாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பனியன்கள் மங்கத் தொடங்கின. உப்புத் தண்ணீரில் துவைத்துத் துவைத்துத்தான் என்றார்கள் சிலர். பாட்டில்களை மிதிக்காமல் நிற்கவைத்ததால்தான் என்றார்கள் சிலர், அது எப்படி என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வெளுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நூல் பால் நிறமாகித் திரண்டது. முதலில் தோள், அப்புறம் முதுகு. தண்ணீர் ஒரு நிழல் மாதிரி ஆயிற்று, பிறகு அதுவும் போயிற்று. மூடுவதற்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று சிலர் ஓடி வந்தார்கள். மூடட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம். சுகாதார நர்ஸ் நோட்டை மூடி வைத்தார். முதுகு எண் இப்போது நன்றாகத் தெரிந்தது, போட மாட்டேன் என்ற சந்தனக்கிளியும் பனியனை மறுபடி மாட்டிக்கொண்டாள். ஆலை லாரிக்காக ஊர் மறுபடியும் பாட்டிலை மிதிக்க ஆரம்பித்தது. முதல் நாள் ஒவ்வொருவரும் மிதிக்கும் முன்னால் ஒரு நொடி காலைத் தூக்கியபடியே நின்றார்கள், மறுநாள் நிற்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது ஏழாம் நம்பர் பனியனில் இடது விலாவுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலம். அது இன்னும் கண்ணாடியாக இருந்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், ஆட்டத்துக்குப் போகப் பனியனை மாட்டிக்கொண்டு சந்தனக்கிளி அடுப்படியில் நின்றபோது, அந்த இடமும் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. அவளால் குனிய முடிந்தது, ஆனால் கண் எட்டவில்லை; கண்ணாடியில் பார்த்தால் வெளிச்சம் பட்டுக் கூசியது.

"அத்த" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

இருளாயி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, மெதுவாக இறங்கி, மருமகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். அவள் மூச்சு பனியனில் பட்டுச் சுட்டது. ஓரம் வெளுத்து வந்து, ஒரு நாணயத்தளவாகி, ஒரு மிளகளவாகி, மூடியது.

"ஒரு சொட்டு கெடக்கு" என்றாள் இருளாயி.

சந்தனக்கிளி அசையாமல் நின்றாள். மாமியாள் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் இவ்வளவு தணிந்து பேசியும் கேட்டதில்லை. எது உண்மை என்று பார்க்க இனி வழியும் இல்லை.

"எங்கிட்டு அத்த?"

"அடியில. ஒரு ஓரமா." இருளாயி சுவரைப் பிடித்து எழுந்தாள், கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "பாத்து எம்பு" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

வெளியே டீச்சரின் விசில் கேட்டது. சந்தனக்கிளி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். வழக்கமாக ஓடுகிறவள், அன்றைக்குப் பொட்டல் வரைக்கும் நடந்தே போனாள், ஒரு பக்கமும் சாயாமல்.